கழுத்துக் குழாய் அடைப்பை நாங்கள் நிறுத்திய விதம்

எங்கய்யனுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து அனுப்பிய பிறகு, சளி இறுகிக் குழாய் அடைப்பதுதான் பெரிய தொல்லை. எங்க ஊர் பொள்ளாச்சிப் பக்கம். சுற்றிலும் தென்னை நார் மில்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் நார்த்தூசி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். காற்றை வடிகட்டி ஈரமாக்குவது மூக்கின் வேலை. குழாய் வழியாக மூச்சு விடுபவருக்கு அது கிடைப்பதில்லை. அதனால்தான் சளி பசையாகிறது.

கட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம். டாக்டரிடம் கேட்டு, குழாய் வாயில் மாட்டி, உள்ளே போகும் காற்றை ஈரமாக்கும் 'செயற்கை மூக்கு' வாங்கினோம். அது சளியில் நனைந்தால் உடனே மாற்றணும், இல்லையென்றால் அதுவே அடைப்பாகிவிடும். கழுத்துக் குழாய்க்குள்ளே இருக்கும் உள்குழாயை நர்ஸம்மா காட்டியபடி கழற்றிக் கழுவுகிறோம். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயை வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுவோம், 10 நொடிக்கு மேல் போகமாட்டோம். கரண்ட் போனால் காலால் மிதிக்கும் சக்‌ஷன் இருக்கிறது.

தலைமாட்டில் ஒரு பை: அதே அளவு மாற்றுக் குழாய், ஒரு அளவு சிறியது, கட்டும் நாடா. சுவரில் ஒரு அட்டை. இங்கிலாந்தில் கழுத்தில் துளை போட்டவர்களில், வாய், மூக்கு வழியான மேல் மூச்சுப்பாதை இன்னும் உள்ளவருக்குப் பச்சை அட்டையும், குரல்வளையை எடுத்தவருக்குச் சிவப்பு அட்டையும் மாட்டுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எங்கள் பச்சை அட்டையில் குழாய் அளவு, "மூச்சுத் திணறினால் முதலில் உள்குழாயைக் கழற்று, 108-ஐக் கூப்பிடு" என்று பெரிதாக எழுதியிருக்கிறோம்.

அய்யனால் கூப்பிட முடியாதுங்க. மாட்டுமணி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் கட்டிவிட்டோம்.