ஸ்டீல்ஹெட் கடிப்பது தெரியவே இல்லை: கோளாறு ஈயத்தில்

வாஷிங்டன் மாநில ஸ்கைகோமிஷ் ஆறு, குளிர்காலம். கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் வகை மீனான ஸ்டீல்ஹெட்டுக்குத் தூண்டில் போட்டேன். பக்கத்தில் நின்றவருக்கு மீன். மூன்று நாளாக என் ராடில் ஒரு கொத்துகூடத் தெரியவில்லை. முள்ளைத் தீட்டினேன், மெல்லிய தூண்டில் நரம்புக்கு மாறினேன். பயனில்லை.

தூண்டிலை அடிக்கு இறக்கக் கட்டும் ஈயம் கனம் கூடி ஆற்றின் அடியில் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கடி அதில் அமுங்கிவிட்டது. பென்சில் ஈயத்தை (பென்சில் போல நீண்ட ஈயக் கம்பி) அரை அரை சென்டிமீட்டராக நறுக்கி, ஓரிரு நொடிக்கு ஒருமுறை கல்லில் 'டிக்' என்று தட்டும் அளவுக்குக் கொண்டுவந்தேன். நரம்பு தண்ணீரில் படுத்து வளையாதபடி ராட் நுனியை உயர்த்திப் பிடித்தேன்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: ஸ்டீல்ஹெட் பல நேரம் வெடுக்கென்று இழுக்காது. தட்டல் நின்றுபோகும், ரப்பர் போல மெத்தென்று ஒரு கனம், அவ்வளவே. உடனே சுண்ட வேண்டும். பாதி நேரம் கல்தான், இருக்கட்டும். முள்ளில் கட்டிய கம்பளி நூல் பல்லில் சிக்கி, ஒரு நொடி கூடுதலாகத் தரும். நாலாம் நாள் மீன் மாட்டியது.