வி.பி.எஸ்.ஸுக்குப் பெயர் கொடுக்கும் முன்

மே மாதம் வந்தால் சபைகளில் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) களைகட்டிவிடும், பிள்ளையின் பெயரைக் கொடுக்கும்போதே ஒரு வகுப்புக்குப் பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிடுங்கள். குறைந்தது இரண்டு பேர், அதுவும் ஒரே குடும்பத்து ஆட்களாக இல்லாமல் இருப்பது நல்லது. தனி ஜெபம், ஆலோசனை என்று பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தால் கதவு திறந்திருக்கட்டும், நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். பாஸ்டருக்கும் இதே விதிதான், சங்கடப்படாமல் சொல்லுங்கள். ஆசிரியர் ராத்திரி நேரத்தில் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவது எந்த ஊழியத்திலும் சேராது. முகாம் என்றால் தூங்கும் இடம், குளிக்கும் இடம், வண்டியில் யார் கூட்டிப்போவது எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அப்புறம், யாரோ தன்னிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால் கமிட்டி கூடிப் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம், தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் 1 வருடம் வரை சிறை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், ராத்திரியிலும் அழைக்கலாம்.