வெள்ளத்துல டவர் படுத்துட்டா ஹாம் ரேடியோவுல சேதி அனுப்புறது எப்படி

2023 டிசம்பர் 17, 18 நம்ம நெல்லை, தூத்துக்குடி பக்கத்துல யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழ, தாமிரவருணி கரைய தாண்டி ஊருக்குள்ள வந்துட்டு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஒரு ரயிலே சனத்தோட நின்னுட்டு. கரண்ட் போயி, டவர்ல பேட்டரி தீர்ந்து, போனும் செத்துட்டு. எங்க பெரியம்மா வீடு ஏரல் பக்கம், மூணு நாள் அவங்க எப்படி இருக்காங்கன்னே தெரியாம தவிச்சோம். அந்தப் பக்கம் ஒரு ஹாம், அதாவது லைசென்ஸ் வாங்கி சொந்த ரேடியோ செட்டுல பேசுற ஆளு, இருந்திருந்தா "நல்லாருக்கோம்"ங்குற ஒத்த வார்த்த வந்து சேந்திருக்கும். அதுக்குப் பொறவுதான் நான் இதுல எறங்குனேன், தெரிஞ்சத சொல்லுதேன்.

மொதல்ல லைசென்ஸ். அது இல்லாம செட் வாங்கவும் கூடாது, பட்டன அமுக்கி பேசவும் கூடாது. ரேடியோ அலைவரிசைய பாத்துக்குற மத்திய அரசோட டபிள்யூ.பி.சி. பிரிவு ஏ.எஸ்.ஓ.சி.ன்னு ஹாம்களுக்கு ஒரு பரீட்ச வைக்குது, 12 வயசு ஆயிருந்தா எழுதலாம். அதுல ரெண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (தந்தி மாதிரி கட்டு-கடங்குற சத்தத்துல சேதி அனுப்புறது) வேண்டாம், கால்சைன், அதாவது ரேடியோவுல நம்ம அடையாளப் பேரு, வி.யு.3ன்னு ஆரம்பிக்கும். ஜெனரலுக்கு நிமிஷத்துக்கு 8 வார்த்த மோர்ஸ் தெரியணும், வி.யு.2 கெடைக்கும். ரெஸ்ட்ரிக்டட் எடுத்தாலே வெள்ள வேலைக்கு தாராளம். படிக்கும்போதே காதையும் பழக்கணும், காலையில 40 மீட்டர் பேண்ட்ல, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், நம்ம தென்னாட்டு ஹாம்ஸ் பேசுறத தெனமும் கேளுங்க. அவங்க பேசுறது எஸ்.எஸ்.பி.ங்குற முறையில, அது இருக்குற ரிசீவர்தான் வேணும், சாதா ரேடியோல வாத்து கத்துற மாதிரிதான் கேக்கும்.

எல்லாரும் மொதல்ல கையில பிடிக்குற வி.எச்.எஃப். செட்டதான் பாக்காங்க. பாளையங்கோட்டையில இருந்து வண்ணார்பேட்டைக்கு பேச அது போதும், ஆனா அது நேர்கோட்டுல போற அல, மாஞ்சோலைக்கு மேல இருக்குற ஊத்துக்கோ நாலுமுக்குக்கோ பேசணும்னா நடுவுல மல மறிச்சிடும். ஒசரத்துல இருந்து சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற ரிப்பீட்டர் இருந்தா தாண்டலாம், ஆனா அதுக்கும் கரண்ட் வேணும்லா. அதனாலதான் நான் ஷார்ட்வேவ்னு நிக்கேன். 7 மெகாஹெர்ட்ஸ் அலைய நேரா வானத்தப் பாத்து விட்டா வானத்துல ரொம்ப ஒசரத்துல இருக்குற அயனோஸ்பியர்ங்குற அடுக்குல பட்டு மழ மாதிரி நாலு பக்கமும் எறங்கும், மலைக்கு அந்தப்பக்கமும் விழும், மதுரைக்கும் விழும், திருவனந்தபுரத்துக்கும் விழும். பூமியோட காந்த நடுக்கோடு கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேலதான் போகுது, அதுக்காகவே கிருஷ்ணாபுரத்துல அயனோஸ்பியர ஆராய ஒரு லேப் வச்சிருக்காங்க, இது நம்ம ஊர்ல எத்தன பேருக்கு தெரியும்னு தெரியல.

ஆன்டெனா இதுக்கு ரொம்ப சுலபம். 40 மீட்டர் டைபோல், ஒரு பக்கத்துக்கு 33 அடின்னு ரெண்டு துண்டு காப்பர் ஒயர், நடுவுல இருந்து செட்டுக்கு கோஆக்ஸ் கேபிள் (டிவி கேபிள் மாதிரி இருக்கும்). வழக்கமா ஆன்டெனா ஒசரமா இருக்கணும்பாங்க, இங்க அது தப்பு, 12ல இருந்து 15 அடி இருந்தாலே சிக்னல் மேல பாத்து நல்லா போகும். மொட்டமாடியில கொடிகட்டுற கம்பியிலயே கட்டிரலாம், கட்டுற எடத்துல நைலான் கயிறு போடுங்க. ஒயர மொதல்ல ஒரு அடி கூடுதலாவே வெட்டி, ஆன்டெனா அலைவரிசைக்கு ஒத்து வருதான்னு காட்டுற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர வச்சு பாத்துப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா நறுக்கணும், ஒட்ட நறுக்கிட்டா பொறவு சேக்க முடியாது. ராத்திரி ஏற ஏற 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊருக்கு கேக்காம போயிரும், அப்ப 80 மீட்டருக்கு எறங்கணும், அதுக்கு ஒரு பக்கத்துக்கு 65 அடி, எடம் இருந்தா ரெண்டையும் ஒரே கேபிள்ல கட்டி வைங்க. அவசரத்துக்குன்னு நம்ம ஆசியப் பக்கத்துக்கு ஒதுக்குன அலைவரிசை 7110 கிலோஹெர்ட்ஸ், 80 மீட்டர்ல 3600, இது ரெண்டையும் செட் மேலயே எழுதி ஒட்டிருங்க. ஐப்பசி இடி இடிக்கும்போது கேபிள செட்டுல இருந்து கழட்டி ஜன்னலுக்கு வெளிய போட்டுருங்க, இதுல மட்டும் சோம்பல் கூடாது அண்ணாச்சி.

பேட்டரிக்கு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியே போதும், அது 12 வோல்ட்தான், ரெண்டு ஒயர்லயும் ஃப்யூஸ் போட்டு நேரா எடுக்கலாம். 100 வாட் செட்டு பேசும்போது 20 ஆம்பியர் கிட்ட இழுக்கும், சும்மா கேக்கும்போது 1 ஆம்பியர் கிட்ட. 150 ஏ.எச். பேட்டரில பாதிக்கு மேல எறக்காம இருந்தா ஒரு நாள் பூரா கேட்டுட்டு ரெண்டு மணி நேரம் பேசவும் செய்யலாம், பவர 30 வாட்டுக்கு கொறச்சா இன்னும் நீளும். ஆனா அந்த பேட்டரி எல்லா வீட்டுலயும் கீழ மாடிப்படி அடியிலதான் இருக்கும், தண்ணி மொதல்ல வர்ற எடமே அதுதான். கார்த்திக வர்றதுக்கு முன்னாடியே மாடிக்கு ஏத்திருங்க, ரெண்டு ஆளு தூக்குற கனம், நடு ராத்திரி முழங்கால் தண்ணில தூக்க முடியாது.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் காசு இருந்தா வாங்கிரலாம். சேதிய பெசகாம கொண்டு சேக்குறதுதான் வேல, அதுக்கு பழக்கம் மட்டும்தான் வழி. வாயில வர்றத பேசக்கூடாது, மொதல்ல பேப்பர்ல எழுதணும், சேதி நம்பர், நேரம், யாருகிட்ட இருந்து, யாருக்கு, அவசரமா இல்லையா, பொறவு விஷயம், 25 வார்த்தைக்குள்ள. இரைச்சல்ல "ஒம்பது பேர்"னு சொன்னா "அம்பது பேர்"னு கேக்கும், அதனால எண்ண ஒவ்வொன்னா சொல்லணும், அம்பதுன்னா "அஞ்சு, சைபர்". கீழநத்தமும் உண்டு மேலநத்தமும் உண்டு, மொத எழுத்து அமுங்கிட்டா படகு வேற ஊருக்கு போயிரும், அதனால ஊர் பேர ரெண்டு தடவ சொல்லி பக்கத்துல இருக்குற பெரிய ஊரையும் சேத்து சொல்லுங்க, புதூர்னு மட்டும் சொன்னா யாருக்கு தெரியும், எத்தன புதூர் இருக்கு. எதிர்ல இருக்குறவர் முழுசா திருப்பி வாசிச்சாதான் சேதி போனதா கணக்கு. "இன்சுலின் 20 பாட்டில்"னு எழுதியிருந்தா அதேதான் போகணும், "மருந்து வேணுமாம்"னு சுருக்க நமக்கு உரிமை கெடையாது.

ஒரே அலைவரிசையில பல ஹாம் சேந்து பேசுறத நெட்டும்பாங்க, இன்டர்நெட் இல்ல, அதுல ஒருத்தர் கன்ட்ரோலா இருப்பார், அவர் கூப்பிடாம வாய தொறக்கக்கூடாது. உயிர் போற சேதி இருந்தா மட்டும் இடைவெளில "பிரேக் பிரேக்"னு சொல்லி புகுரலாம். அப்புறம் மருந்து, சாப்பாடு, படகு, கடைசியாத்தான் "நல்லாருக்கோம்" சேதி, எங்க பெரியம்மா சேதியும் அந்த வரிசையிலதான் நின்னிருக்கும், அது நியாயந்தான். நாமளா செட்ட தூக்கிட்டு வெள்ளத்துக்குள்ள போகவும் கூடாது. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீஸ்ல மழைக்காலத்துக்கு முன்னாடியே போய், பேரு, கால்சைன், வீடு எங்க இருக்குன்னு எழுதிக் குடுத்துருங்க, அவங்க பேரிடர் உதவி நம்பர் 1077 லைன் அடிக்காத அன்னைக்கு அவங்களே தேடி ஆள் அனுப்புவாங்க.

புரட்டாசி முடியுறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கெழம வீட்டு மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, போன பெட்டிக்குள்ள போட்டுட்டு, இன்னொரு ஹாமோட பத்து சேதி அனுப்பிப் பாருங்க. சாயங்காலம் ரெண்டு பேரோட பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, எந்த எண்ணு மாறியிருக்கோ அத அடுத்த வாரம் மறுபடியும் அனுப்புங்க.