விழா மேடைக்கு பேண்ட் புக் செய்யும் முன்

ஸ்டுடியோ பதிவை மட்டும் கேட்டு எந்த பேண்டையும் புக் செய்யாதீர்கள். விலகிய சுருதியைக்கூட கணினியில் சரிசெய்துவிடலாம். மேடையில் வாசித்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தில் யாரோ போனில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் பாட்டைவிட, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கிட்டாருக்குச் சுருதி சேர்க்கிறேன் என்று எல்லோரும் முதுகைக் காட்டி நின்றால் கூட்டம் கலைந்துவிடும்.

அப்புறம், மேடை வரைபடமும் இன்புட் லிஸ்ட்டும் கேளுங்கள். யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், கீபோர்டை ஒலி அமைப்போடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை உடனே அனுப்புகிறவர்கள் விழாவன்றும் நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. எல்லா ஒலிகளையும் கலக்கும் உங்கள் மிக்ஸரில் 16 சேனல்தான், அதாவது 16 இணைப்புதான் என்றால், 24 கேட்கும் குழுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயரும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஸ்னேர் டிரம், சிம்பல் தட்டுகள், பெடல் மட்டும் அவரவர் கொண்டுவரலாம். குழு மாறும் நேரம் நன்றாகக் குறையும். இதற்குச் சம்மதமா என்று புக்கிங் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்கள் எத்தனை ஆயிரம் என்பது இருக்கட்டும், அதில் உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்? அதே வாரத்தில் பக்கத்து ஊரிலும் அவர்கள் வாசிக்கிறார்களா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள்.