புள்ளிக்குப் பயந்து படத்தைத் தொலைக்காதீர்கள்

லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, சார்ஜ் இல்லாத பேட்டரியுடன் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகத் திருந்திவிடும். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது, நாங்களெல்லாம் ஒருகாலத்தில் செய்த தவறுகள் அச்சுப் பிசகாமல் திரும்பி வருகின்றன. அவற்றில் சில கீழே. முதலாவது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

ஐஎஸ்ஓவைக் கண்டு நடுங்குவது

கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிப் படமாக்க வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. வெளிச்சம் குறைந்த அறை. ஐஎஸ்ஓ 400. அதற்கு மேல் போனால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் (இதைத்தான் நாய்ஸ் என்பார்கள்) என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வேறு வழியின்றி ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம், 1/20 நொடிக்கு இறங்கிவிடும். கேமராவின் பின்புறத் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். அவ்வளவு சிறிய திரையில் எந்தப் படம்தான் தெளிவாகத் தெரியாது? கணினியில் திறக்கும்போதுதான் முகங்கள் இழுபட்டுக் கிடப்பது புரியும்.

நண்பர் ஒருவரின் தாத்தா தன் கொள்ளுப்பேரனை முதன்முதலாகக் கையில் வாங்கிய நேரம் இப்படித்தான் வீணானது. நண்பருடையது ஐஎஸ்ஓ 6400-ஐ அலட்டிக்கொள்ளாமல் தாங்கும் கேமரா. அன்று எடுத்த அத்தனை படங்களிலும் ஐஎஸ்ஓ 400. குழந்தை தலையைத் திருப்பியபோதெல்லாம் முகம் கரைந்துபோயிருந்தது. “ஆனால் நாய்ஸே இல்லை, பாருங்கள்” என்றார். நாய்ஸ் இல்லைதான், குழந்தையும் இல்லை.

இந்தப் பயம் ஃபிலிம் காலத்தின் மிச்சம். அன்று 400 என்பதே வேகமான ஃபிலிம். அதைத் தாண்டினால் புள்ளிகள் கண்ணை உறுத்தும். டிஜிட்டல் கேமராவில், படத்தைப் பதியும் சென்சார் மீது விழும் ஒளி போதாமல் இருப்பதுதான் நாய்ஸுக்கு முதன்மைக் காரணம். ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்து, இருண்டுபோன படத்தைப் பிறகு கணினியில் வெளுப்பாக்கினால் அதே நாய்ஸ் வந்து நிற்கும். சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும். நாய்ஸை மென்பொருளால் பெருமளவு குறைத்துவிடலாம், படத்தைச் சிறிதாக அச்சிட்டால் பாதி கண்ணுக்கே தெரியாது. அசைவில் கலங்கிய முகத்தை மீட்டுத் தர நம்பகமான வழி எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது. ஐஎஸ்ஓவைக் கேமராவே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நீங்களே வகுத்துவிடுங்கள். உட்கார்ந்து பேசுபவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கு 1/500 அல்லது அதற்கு மேல். கை நடுக்கத்துக்குத் தனிக் கணக்கு உண்டு: லென்ஸின் குவியத் தூரத்தைக் கீழே போட்டு 1/50, 1/200 என்று வைப்பது. கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார்) என்றால் அதை ஒன்றரை மடங்காக்கி, 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80.

“என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே” என்பார்கள். அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் அடக்கும். எதிரே ஓடுகிற குழந்தையை அது பிடித்து நிறுத்தாது.

இன்னும் சிலர், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய 1944 ஜூன் 6 அன்று, அங்கே ஒமாஹா கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த படங்களைக் காட்டி, கலங்கினாலும் படம் நன்றாக இருக்கும் என்று வாதிடுவார்கள். அவை கலங்கியவைதான். குண்டுகளுக்கு நடுவே எடுத்தவை, பிறந்தநாள் விழாவில் அல்ல. அந்தப் படங்களில் புள்ளிகளும் தாராளமாக இருக்கின்றன. அதை மட்டும் இவர்கள் கவனிப்பதில்லை.

அப்பர்ச்சரை எப்போதும் முழுதாகத் திறந்து வைப்பது

அப்பர்ச்சர் என்பது லென்ஸில் ஒளி புகும் துளை, எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. எஃப்/1.8 லென்ஸ் வாங்கியவருக்கு அதன் பிறகு வேறு எண்ணே கண்ணில் படுவதில்லை. ஃபுல்ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-ல் வைத்து 2 மீட்டரிலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. மட்டுமே. கணவன் மனைவி இருவரில் ஒருவர் சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தாலே போதும், அவர் பின்னணியோடு கலந்துவிடுவார். இரண்டு பேர் என்றால் எஃப்/4 அல்லது எஃப்/5.6.

லென்ஸ் இருக்க பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றுவது

24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் 20-க்கு 13 அங்குல அச்சு கிடைக்கும். அந்த அளவில் எத்தனை படம் அச்சிட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு 45 மெகாபிக்சல் பாடியை விசாரியுங்கள். பெரும்பாலும் அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வந்துவிடும்.

படத்தின் நடுவே பெயரைப் பொறிப்பது

வேண்டாம்.

ஒரே பிரதியை நம்பி கார்டை அழிப்பது

இரண்டு இடங்களில் சேமித்து, இரண்டிலும் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மட் செய்யுங்கள், அதையும் கேமராவிலேயே செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பழைய தரவின் மேல் புதியது எழுதப்படாதவரை, மீட்பு மென்பொருளால் படங்கள் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.