மருத்துவ அலட்சிய வழக்குகள்: சட்டத் திருத்தத்தின் விளைவை ஆராயும் முறை

நுகர்வோர், குற்றவியல் சட்டங்களின் திருத்தத்தால் மருத்துவ அலட்சிய வழக்குகளில் என்ன மாறியது என்று ஆராயப் புறப்படும் தில்லித் தமிழ் மாணவர்கள், பெரும்பாலும் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் வழக்கு எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். நாம் முருங்கைக்காய் வாங்கப் போகும் ஐ.என்.ஏ. பகுதியிலேயே ஆணையமும் இருப்பதால் அந்த ஆசை இயல்புதான்; ஆனால் முதல் சறுக்கலும் அங்கேதான் நேர்கிறது.

அறுவைச் சிகிச்சைக்கு 3 லட்சம் ரூபாய் கட்டிய நோயாளி ஒருவர், 1.5 கோடி இழப்பீடு கேட்பதாக வைத்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டணத்தையும் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துப் பார்த்தது. தொகை ஒரு கோடியைத் தாண்டியதால் அவ்வழக்கு நேரே தேசிய ஆணையத்துக்குப் போயிருக்கும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமோ கட்டிய தொகையை மட்டுமே பார்ப்பதால், அதே வழக்கு இன்று மாவட்ட ஆணையத்தில் தாக்கலாகும். எனவே தேசிய ஆணையத்தில் நேரடி வழக்குகள் குறைந்திருந்தால், மருத்துவர்கள் கவனமாகிவிட்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற மூன்று அடுக்கு ஆணையங்களையும் சேர்த்து எண்ணுங்கள். மேல்முறையீட்டைப் புதிய வழக்காகக் கொள்ளாதீர்கள்.

வழக்குகளைத் தீர்ப்பு நாளை வைத்துப் பிரிக்காமல், தாக்கல் நாளை வைத்துப் பிரியுங்கள். ஏனெனில் புதிய சட்டத்துக்கு முன் தாக்கலானவை பழைய ஆணையத்திலேயே தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை அதே நீதிமன்றம் வழக்குத் தாக்கலுக்கான காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்கியதால், அக்காலத்துத் தாக்கல்கள் தள்ளிப்போயிருக்கவும் கூடும். இந்தக் குழப்பத்தைப் பிரித்தறியக் அதே ஆணையங்களின் காப்பீட்டு வழக்குகளை அருகில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் ஒரேபோல் ஏறி இறங்கினால், காரணத்தை மருத்துவத்துக்கு வெளியே தேட வேண்டும்.

குற்றவியல் பக்கத்தில் ஆய்வுக்கு அவ்வளவு இடமில்லை என்பது என் எண்ணம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்த பிறருக்கு ஐந்தாண்டு வரையும், பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரையும் சிறை விதிக்கிறது. இதைச் சலுகை என்கிறார்கள். ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவிலும் உச்சவரம்பு இரண்டாண்டுதான்; ஆக, மருத்துவருக்கான சிறை உச்சவரம்பு மாறவில்லை.

தீர்ப்புகளைப் படித்து அட்டவணையிடும்போது, கேட்ட தொகைக்கும் கிடைத்த தொகைக்கும் பக்கத்தில், நிபுணர் கருத்து பெறப்பட்டதா என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். நிபுணர் கருத்து வேண்டும் என்று 2009இலும், எல்லா வழக்கிலும் தேவையில்லை என்று 2010இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் இழப்பீட்டுச் சராசரியைக் கணக்கிடுவதில் பயனில்லை.