பல்லாங்குழியில் ஒரு வார்டுத் திட்டம்

வார்டு கமிட்டிக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் கருத்துக் கேட்டால், பேசுகிறவர்கள் எப்போதும் அதே நாலைந்து பேர்தான். மழை பெய்தால் வீட்டுக்குள் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கும் என்று அறிந்த குடித்தனக்காரப் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களைப் பேச வைக்க விளையாட்டைப் போல் உதவுவது வேறில்லை என்பது பெங்களூர் அல்சூர்ப் பக்கம் எனக்குக் கிடைத்த அனுபவம்.

ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012 முதல் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டைக் கொண்டு, நைரோபியின் கிபேரா போன்ற இடங்களில் பொதுவெளிகளை மக்களோடு சேர்ந்து வடிவமைத்திருக்கிறது. நமக்குக் கணினி இல்லாவிட்டாலும் புளியங்கொட்டை போதும். வற்றாத ஆறு இல்லாத பெங்களூரில் ஏரிகள் பல்லாங்குழி முறையிலேயே அமைந்துள்ளன: மேல் ஏரி நிரம்பினால் மிகைநீர் ராஜகாலுவே என்னும் பெருங்கால்வாய் வழியே கீழ் ஏரிக்குச் செல்லும். அல்சூர்ப் பக்கத்து நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து ஓசூர்ப் பக்கம் வருவது அப்படித்தான்.

பெரிய சார்ட் தாளில் உங்கள் வார்டின் தெருக்களையும் கால்வாயையும் வரைந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏழு குழிகள் குறியுங்கள். ஒவ்வொரு குழிக்கும் ஐந்து கொட்டைதான் கொள்ளளவு. கால்வாயை அடைத்த கட்டடங்களுக்குத் தீப்பெட்டிகளை வையுங்கள். சோழி உருட்டி, விழும் எண்ணிக்கை அளவுக்குக் கொட்டைகளை மழைநீராக மேட்டுக் குழியில் போடுங்கள். மிகுந்தவை அடுத்த குழிக்குப் போகும், வழியில் தீப்பெட்டி இருந்தால் பக்கத்து வீடுகளின் மேல் விழும். பத்து நாணயங்களை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்து, ஒரு குழியைத் தூர்வார மூன்று, ஒரு தீப்பெட்டியை அகற்ற நான்கு, ஒரு மழைநீர்த் தொட்டிக்கு இரண்டு என்று விலை வையுங்கள். பணம் எல்லாவற்றுக்கும் போதாதபடி இருக்க வேண்டும், ஏனெனில் எதை விடுவது என்ற வாக்குவாதத்தில்தான் உண்மையான திட்டம் பிறக்கிறது. தீப்பெட்டியை அகற்றச் சொல்பவர் அங்கே குடியிருப்பவர் எங்கே போவார் என்றும் சொல்லியாக வேண்டும். இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

வீட்டுக்காரர் குடித்தனக்காரராகவும், தள்ளுவண்டிக்காரர் இஞ்சினியராகவும் ஆடட்டும். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம்.

ஒருமுறை இஸ்திரி போடும் அம்மா ஒருவர் மூன்றாம் சுற்றில் கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்க ஒரு கால்வாய் இருக்குப்பா, மேல சிலாப் போட்டு மூடிட்டாங்க" என்றார். எங்கள் வரைபடத்தில் அது இல்லை. மறுநாள் போய்ப் பார்த்தோம். கடைவாசல் சிலாப்புக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

எனவே ஆட்டம் முடிந்ததும் அதே தாளோடு கால்வாயோரம் நடந்து, சொன்னவற்றைச் சரிபார்த்துக் குறியுங்கள். கோரிக்கையைக் கன்னடத்திலும் எழுதி வார்டு கமிட்டியில் கொடுத்து, கொடுத்த தேதியையும் பதில் வந்த தேதியையும் தாளின் ஓரத்தில் எழுதி, எல்லோரும் பார்க்கும் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.